டொக்டர் மேரி ரட்ணம் அம்மையார்: நான் எழுதத் தவறிய ஒரு வரலாறு

1981 ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத் இலங்கைக்கு வருகை தந்தார். இலங்கை மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்தியதைக் கொண்டாடும் விழாக்களின் ஓர் அங்கமாக அந்த வருகை அமைந்தது. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் மிக இளையவனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பொன்விழாவை முன்னிட்டு வெளியிடப்பட்ட சிறப்புப் பக்கங்களுக்காக, வாக்குரிமையின் வரலாறு குறித்துக் கட்டுரையொன்று எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஆண்டில் வாக்குரிமையைப் பற்றி எழுதுவது ஒரு தமிழ்ப் பத்திரிகையாளனுக்கு எளிதான காரியமன்று. அவ்வாண்டு ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தல் நடத்தப்பட்ட விதம் வாக்குச்சீட்டின் மீது எங்களில் பலருக்கு எஞ்சியிருந்த நம்பிக்கையையும் குலைத்திருந்தது. ஆயினும் கட்டுரையை எழுதி முடித்தேன். மனிங் தேசாதிபதி காலத்து அரசியலமைப்பு, டொனமூர் ஆணைக்குழு, சேர் பொன்னம்பலம் இராமநாதன், தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, சேனநாயக்க சகோதரர்கள் என்று எவரையும் விடவில்லை என்ற திருப்தி எனக்கு இருந்தது.

கட்டுரை வெளியான மறுநாள் அலுவலகத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வெள்ளவத்தையில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசினார்.

"தம்பி, உம்முடைய கட்டுரையை வாசிச்சனான். ஆம்பிளையளின்ரை பேரை எண்ணிப் பாத்தன், பதினாலு வந்தது. ஒரு பொம்பிளையின்ரை பேரும் இல்லை. பொம்பிளையளுக்கு வாக்கை ஆர் வாங்கித் தந்தது? டொனமூர் பிரபு கனவு கண்டு தந்தவரோ?"

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அவரே தொடர்ந்தார்.

"டொக்டர் மேரி ரட்ணம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறீரோ?"

கேள்விப்பட்டதில்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை வாரும்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் பேச, நான் குறிப்பெடுத்தேன். இளம் ஆசிரியையாக இருந்த நாட்களில் மேரி ரட்ணம் அம்மையாரை முதுமையில் கண்டவர் அவர். "எண்பது வயதிலையும் கூட்டத்துக்கு எங்களுக்கு முதல் வந்து நிக்கிற மனிசி" என்று சிரித்தபடி நினைவுகூர்ந்தார். விடைபெறும்போது, இதனை நிச்சயம் எழுதுகிறேன் என்று வாக்களித்தேன். "எழுதின பிறகு சொல்லும்" என்றார்.

நான் எழுதவில்லை. அன்றாடச் செய்திகளின் நெருக்கடியில் ஒன்றரை ஆண்டுகள் கழிந்தன. 1983 ஜூலையில் நான் தங்கியிருந்த வீடு எரிக்கப்பட்டபோது அந்தக் குறிப்புப் புத்தகமும் எரிந்தது. ஆசிரியை அகதிகளோடு அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார் என்றும், பின்னர் கனடாவில் இருந்த மகனிடம் சென்றுவிட்டார் என்றும் அறிந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காலம் கடந்தேனும் நிறைவேற்றுவதற்கே இக்கட்டுரை.

மானிப்பாயும் இணுவிலும்

மேரி இர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எலோரா என்ற சிற்றூரில் பிறந்தார். மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நாடு திரும்பியதும் அதே 1873 இல்தான்.

கிறீன் உருவாக்கிய தமிழ் மருத்துவர்கள் அனைவரும் ஆண்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களோ தங்கள் பெண்களை ஆண் மருத்துவர் பரிசோதிப்பதை இலகுவில் அனுமதிக்கவில்லை. பிள்ளைப்பேறு மருத்துவிச்சியின் கையில் இருந்தது. சிக்கல் ஏற்பட்டால் தாயும் சேயும் தெய்வத்தின் கையில். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் பெண்களால் நடத்தப்படும் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றை அமைக்க வேண்டுமென மேரி, மார்கிரட் லீச் என்ற இரு மிஷனரிச் சகோதரிகள் மேலைநாடுகளில் நிதி திரட்டினர். அதன் விளைவாக எழுந்ததே இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி. எங்கள் பகுதியில் 'இணுவில் ஆஸ்பத்திரி' என்றால் மூன்று தலைமுறைகளுக்குத் தெரியும். அங்கு பல தசாப்தங்கள் பணியாற்றிய டொக்டர் இசபெல்லா கர் அம்மையாரின் பெயரை முதியவர்கள் பலர் இன்றும் அன்போடு குறிப்பிடுவர்.

அந்தப் பணிக்காகத் தெரிவு செய்யப்பட்ட மற்றொருவரே மேரி இர்வின். பெண்கள் மருத்துவம் கற்பதை ஆண்களின் கல்லூரிகள் விரும்பாத அக்காலத்தில், ரொறன்ரோவில் 1883 இல் பெண்களுக்கெனவே ஆரம்பிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். 1896 இல், தமது 23 ஆவது வயதில், மிஷன் மருத்துவராக இலங்கைக்கு வரவிருந்தார். வரும் வழியில் நியூயோர்க் நகரில் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத் தமிழரைத் திருமணம் செய்துகொண்டார்.

அந்தத் திருமணம் அவரது வாழ்க்கைத் திசையை மாற்றிற்று. தம்மால் வரவழைக்கப்பட்ட மருத்துவர் 'சுதேசி' ஒருவரின் மனைவியாக வந்து சேர்வதை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. பணியில் அவரை வைத்திருக்க மறுத்தது. தமிழரும் வெள்ளையரும் ஒரே ஆண்டவரின் பிள்ளைகள் என்று பிரசங்கித்தவர்களுக்கு, அந்தப் பிள்ளைகளில் இருவர் கணவன் மனைவியாவது பொறுக்கவில்லை. மிஷனரிகள் நமக்குச் செய்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். எனது குடும்பத்தில் எழுத்தறிவு வந்ததே அவர்களது பாடசாலைகளின் வழியாகத்தான். எனினும் இந்தச் சம்பவமும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. அது மறைக்கப்படலாகாது.

சொந்த ஊர் பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்தது. அழைத்து வந்தவர்கள் கைவிட்டுவிட்டனர். இந்த நிலையில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணொருவர் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். மேரி ரட்ணம் திரும்பவில்லை. கணவருடன் கொழும்பில் குடியேறினார். அடுத்த அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவே அவருடைய வீடாயிற்று.

மருத்துவரும் சங்கங்களும்

கொழும்பில் லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றியபின் அவர் தனியாக மருத்துவத் தொழிலை நடத்தத் தொடங்கினார். பெண் மருத்துவர்கள் மிக அரிதாக இருந்த நகரத்தில் அவரைத் தேடி எல்லா இனப் பெண்களும் வந்தனர். மகப்பேற்று மருத்துவரான அவர் நாள்தோறும் கண்ட நோய்களுள் பல, மருந்தினால் மாத்திரம் தீரக்கூடியவையாக இருக்கவில்லை. போதிய உணவின்மை, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, சுகாதாரம் பற்றிய அறியாமை, கணவனின் மதுப்பழக்கம், கையில் ஒரு சதமேனும் சொந்தமாக இல்லாத நிலை ஆகியவையே பல நோய்களின் வேர்கள் என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார் என்பதற்கு அவரது பிற்காலப் பணிகளே சான்று.

1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தை அமைத்தார். நாட்டின் மிக ஆரம்பகால மகளிர் அமைப்புகளுள் அதுவும் ஒன்று. 1909 இல் கொழும்பில் தமிழ் மகளிர் ஒன்றியம் தோன்றியபோது அதன் உருவாக்கத்திலும் பங்குகொண்டார். பிற்காலத்தில் 'கலாலயம்' என்ற இசை நடனப் பள்ளியை நடத்திக் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் பல்லாயிரவருக்குச் சங்கீதமும் பரதமும் கற்பித்த அமைப்பு அதுவே. அங்கே பாட்டும் நடனமும் பயின்ற எத்தனை பேருக்கு, அச்சங்கத்தின் தொடக்கத்தில் ஒன்ராறியோவிலிருந்து வந்த ஒரு மருத்துவரும் இருந்தார் என்பது தெரியும்?

பாடசாலை மாணவருக்கான சுகாதார நூலையும் மனையியல் நூலையும் எழுதினார். மதுவிலக்குப் பிரசாரத்தில் ஈடுபட்டார். பெண்பிள்ளைகளுக்கு அவர்களது உடலைப் பற்றி அறிவியல் முறையில் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று, அவ்வாறு பேசுவதே அநாகரிகம் எனக் கருதப்பட்ட காலத்தில், வெளிப்படையாகப் பேசினார்.

வாக்குரிமை

இனி, 1981 இல் நான் எழுதாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன்.

1920களில் இலங்கையின் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கே வாக்குரிமை இருந்தது. அவர்களும் சொத்தும் கல்வியும் உடைய ஆண்கள். பெண்களுக்கு வாக்கில்லை. அரசியலமைப்பைச் சீர்திருத்துவது குறித்து ஆராய்வதற்காக டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கை வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் அப்போது 54 வயதாகியிருந்த மேரி ரட்ணம். சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அக்னஸ் டி சில்வா. சிங்களவர், தமிழர், பறங்கியர் என எல்லா இனத்துப் பெண்களும் அதில் இருந்தனர். பெரும்பாலோர் வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். படித்த பெண்களுக்கேனும் வாக்கு வேண்டும் என்ற அளவிலேதான் முதலில் அவர்களது கோரிக்கையும் இருந்தது.

பெண்களின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் சாட்சியமளிக்கச் சென்றது. தோட்டங்களில் கூலிகளாக வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர் பிரபு அவர்களைக் கேட்டார். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று தாம் பதிலளித்ததாக அக்னஸ் டி சில்வா பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

இந்த விடையின் கனத்தை அந்தக் காலச் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும். நாட்டின் பெரும் தலைவர்களுள் பலர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்களுள் ஒருவர். இணுவிலுக்கு அயலான மருதனார்மடத்தில் 1913 இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியையே நிறுவிய பெருமகன் அவர். அவரது துணைவியார் லீலாவதி அம்மையாரும் மேலைநாட்டிலிருந்து வந்தவரே. ஆயினும் பெண்ணின் கையில் புத்தகத்தைக் கொடுத்தவர் வாக்குச்சீட்டைக் கொடுக்க உடன்படவில்லை. சிங்களத் தலைவர்கள் பலருக்கோ தோட்டத் தொழிலாளர் வாக்குப் பெறுவதுதான் பெரும் அச்சமாக இருந்தது. ஆண் தலைவர்கள் இனமும் சாதியும் வகுப்பும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்தச் சில பெண்கள் மலையகத்துத் தேயிலைச் செடிகளுக்கு இடையே கூடையோடு நின்ற பெண்ணையும் தங்கள் கோரிக்கைக்குள் சேர்த்துக்கொண்டனர்.

1928 இல் வெளியான ஆணைக்குழுவின் அறிக்கை ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்களிக்கப் பரிந்துரைத்தது. இறுதியில் இருபாலாருக்கும் 21 என்று முடிவாயிற்று. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்றது 1928 இல்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1931 ஜூன் மாதத்தில், இலங்கைப் பெண்கள் அரசாங்க சபைக்கான தேர்தலில் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தர வதிவிடம் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டபோதிலும் அவர்களுக்கும் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மாத்திரம் அந்த வாய்ப்பு உடனே கிட்டவில்லை. பூரண சுயராச்சியம் வேண்டுமெனக் கோரிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

1931 இல் அடெலின் மொலமுறேயும், 1932 இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்துவும் இடைத்தேர்தல்களில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றனர்.

கிராமத்தை நோக்கி

வாக்குரிமைச் சங்கத்தில் இருந்தவர்களில் பலர் வாக்குக் கிடைத்ததும் ஓய்ந்தனர். மேரி ரட்ணம் 57 ஆவது வயதில் தமது வாழ்க்கையின் மிகப் பெரிய பணியைத் தொடங்கினார். 1930 இல் அவர் நிறுவிய லங்கா மஹிளா சமித்தியே அது.

அதற்கு முன்மாதிரி அவரது சொந்த மாகாணத்தில் இருந்தது. தூய்மையற்ற பாலினால் தம் குழந்தையை இழந்ததாகக் கருதிய அடெலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், வேறெந்தத் தாய்க்கும் அந்தக் கதி நேரக்கூடாதென்று பெண்களுக்கு வீட்டுச் சுகாதாரம் கற்பிக்கும் இயக்கத்தில் இறங்கினார். அவரது தூண்டுதலால் 1897 இல் ஒன்ராறியோவின் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் கிராமப் பெண்களின் நிலையம் ஒன்று உருவாயிற்று. பின்னர் அது உலகமெங்கும் பரவியது. அந்த வித்தைத்தான் மேரி ரட்ணம் இலங்கைக் கிராமத்து மண்ணில் ஊன்றினார்.

நகரத்துச் சீமாட்டிகள் வந்து தானம் வழங்கிச் செல்லும் சங்கமாக அன்றி, கிராமத்துப் பெண்களே கூடி நடத்தும் சங்கமாக அது அமைந்தது. சத்துணவு, குழந்தை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், கோழி வளர்ப்பு, தையல், நெசவு என்று அன்றாட வாழ்வுக்கு வேண்டியவற்றை அங்கே கற்றனர். அவற்றோடு கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், பலர் முன் எழுந்து பேசவும் பழகினர். வீட்டுப் படலையைத் தாண்டி வராத பெண்ணொருத்தி சங்கத்தின் பொருளாளராகிக் கணக்கு வாசிப்பது, வாக்களிப்பதைவிடக் குறைந்த அரசியலன்று.

1937 இல், 64 வயதில், கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் போட்டியிட்டு வென்றார். அச்சபைக்குத் தெரிவான முதல் பெண் அவரே. ஆனால் சில மாதங்களில் ஒரு தொழில்நுட்பக் காரணத்தினால் அந்த ஆசனத்தை இழந்தார். மிஷன் தள்ளியபோது எப்படியோ அப்படியே இப்போதும் அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த தேர்தல் 2018 இல் நடந்தது. அதுவரை அம்மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்பதை எண்ணினால், அவர் எவ்வளவு முன்னதாக நடந்து சென்றார் என்பது புலப்படும்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் ஒன்றை 1930களிலேயே கொழும்பில் தொடங்க முயன்றவர் அவர். எதிர்ப்பு எழுந்தது. முயற்சி நீடிக்கவில்லை. 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது எண்பது வயது மூதாட்டியாக அதன் முன்னோடிகளுடன் நின்றார்.

முதுமையின் சாட்சியம்

நீண்ட ஆயுளுக்கு ஒரு தண்டனையும் உண்டு. தாம் கட்டியவற்றுள் சில இடிவதையும் கண்முன்னே காண நேரும்.

1948 இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்கைப் பறித்தது. 1947 பொதுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களாயினர். அவர்களும் பெண்கள்தாமே என்று டொனமூர் பிரபுவிடம் சொல்லிப் பெற்ற உரிமை, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையரின் கையாலேயே திரும்பப் பெறப்பட்டது. மேரி ரட்ணத்துக்கு அப்போது 76 வயது.

1958 மே மாத இறுதியில் இனக் கலவரம் மூண்டது. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள் கொழும்பிலேயே அஞ்சி ஒடுங்கிய நாட்கள் அவை. அதே ஆண்டில், முதன்முறையாக வழங்கப்பட்ட ரமோன் மக்சேசே விருதுகளில் பொதுச் சேவைக்கான விருது, ரட்ணம் என்ற தமிழ்ப் பெயரை அறுபத்திரண்டு ஆண்டுகளாகத் தாங்கிய அந்த 85 வயது அம்மையாருக்கு அறிவிக்கப்பட்டது. எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு தனிப்பட்ட பிரசையாக நின்று அவர் பிறரது தேவைகளுக்குத் தம்மை முழுமையாக அர்ப்பணித்ததை விருதுக்குழு போற்றியது. அவ்வாண்டு விருது பெற்ற ஏனையோருள் வினோபா பாவேயும், இந்தோனேசியப் பத்திரிகையாளர் மொக்தார் லூபிசும் இருந்தனர்.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமரானார். சமையலறையிலிருந்து நேரே வந்தவர் என்று அவரை அன்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அது உண்மையன்று. 1941 இல் லங்கா மஹிளா சமித்தியில் சேர்ந்து, கிராமம் கிராமமாகச் சென்று பணியாற்றி, அதன் தலைவர் பதவி வரை உயர்ந்தவர் அவர். மேரி ரட்ணம் அமைத்த பள்ளியிலேதான் அவர் பொது வாழ்வைப் பயின்றார் எனலாம். அந்தச் செய்தி வந்தபோது அம்மையாருக்கு 87 வயது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக முடியும். ஆனால் வரலாற்றை எழுதுபவன் அப்படி நிறுத்தலாகாது. 1962 இல் மேரி ரட்ணம் காலமானார். 1964 ஒக்டோபரில் அதே சிறிமாவோ அம்மையார், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். நாடற்றவர்களாக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கப்படும் என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்றும் அதில் கண்டிருந்தது. அந்தப் பெண்களில் ஒருவரிடமேனும் எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு காணும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.

ஆகவே ஒரு பெண் தலைமைப் பதவியை அடைந்துவிட்டால் எல்லாப் பெண்களுக்கும் நீதி கிடைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. மஹிளா சமித்தி ஒரு பெண்ணுக்குத் தலைமை தாங்கும் ஆற்றலைக் கற்றுக் கொடுத்தது. யாரையெல்லாம் தம்மவர் என்று கொள்வது என்பதை அந்தப் பெண்ணேதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அன்று அக்னஸ் டி சில்வாவும் மேரி ரட்ணமும் அவர்களது தோழியரும் அந்தக் கேள்விக்குச் சொன்ன விடையை, அதன்பின் ஆட்சிக்கு வந்தவர்களில் மிகச் சிலரே சொல்லத் துணிந்தனர்.

எலோராவில்

வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தன 1993 இல் மேரி ரட்ணத்தின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். எரிந்துபோன எனது குறிப்புகளில் இருந்தவற்றுக்கும் மேலாக அதில் இருந்தது. தமிழரை மணந்ததற்காக வேலையை இழந்த ஒருவரைத் தமிழர்களாகிய நாம் மறந்துவிட, நினைவில் வைத்து எழுதியவர் ஒரு சிங்களப் பெண்மணி. அதனை வாசித்த பின்னரும், இனி நான் எழுத வேண்டியதில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். சோம்பலுக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோ சென்றிருந்தேன். வெள்ளவத்தை ஆசிரியையைப் பற்றி விசாரித்தபோது, அவர் தொண்ணூறு வயது கடந்து ஸ்காபரோவில் காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். கனடாவுக்கு வந்தபின்பும் ஊர்ச் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தாராம். பனி கொட்டும் சனிக்கிழமைகளிலும் பிள்ளைகளுக்கு முன்பாகவே போய் நிற்பாராம். அதைக் கேட்டதும் அவர் முன்பொருமுறை சிரித்தபடி சொன்ன வசனம் என் காதில் ஒலித்தது.

மறுநாள் மருமகனிடம் சொல்லி எலோராவுக்குக் காரில் போனேன். கிராண்ட் நதி சுண்ணாம்புப் பாறையைக் குடைந்துகொண்டு ஓடும் ஊர் அது. கல்லால் கட்டிய பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. இங்கிருந்து ஒரு பெண் புறப்பட்டு, ஒரு தமிழரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, எங்கள் நாட்டுக்கு வந்து, அங்கேயே முதுமை எய்தி மறைந்தார். அவர் வந்து நூறாண்டு ஆவதற்குள் எங்கள் மக்கள் வீடிழந்து, நாடிழந்து, அவர் விட்டு வந்த அதே மாகாணத்தில் இலட்சக்கணக்கில் வந்து குடியேறினார்கள். அங்கே அவர்களுக்குக் குடியுரிமையும் வாக்கும் கிடைத்தன. பெயரைக் கேட்டு எவரும் அதைத் திரும்பப் பறிக்கவில்லை.

"என்ன மாமா, இந்த ஊரிலை ஆரையும் தெரியுமோ?" என்று மருமகன் கேட்டார்.

"ஒரு டொக்டர் அம்மா இருந்தவ" என்றேன். திரும்பி வரும் வழி முழுவதும் அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ரொறன்ரோவை நெருங்கியபோது, இதை எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இன்று எழுதிவிட்டேன். எழுதின பிறகு சொல்லச் சொன்னவர் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இதனை வாசிக்கும் உங்களிடம் சொல்கிறேன்.